டி.வி.யில் விழுந்த சிரிப்பு

கரடியூர்
23.5.1989

அன்புள்ள பாவாயிக்கு,

நான் சுகம். உன் அம்மா இப்போது எழுந்து உட்காருகிறார்களா? உன் தங்கை லட்சுமியும் அவள் வீட்டுக்காரரும் நலந்தானே? மேட்டூர் வெயிலில் நீ நன்றாகக் கறுத்திருப்பாய். இங்கே சாயங்காலமானால் இன்னும் கம்பளி கேட்கிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. ஏற்காடு கோடை விழாப் பழக் கண்காட்சியில் நம் பலாவுக்கு முதல் பரிசு! முப்பத்தொரு கிலோ. எந்த மரம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் காய்ப்பை யாராவது கண்காட்சிக்குக் கொண்டுபோவார்களா என்று சின்னன் பெரியப்பா தடுத்தார். எனக்கு என்னவோ நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தேவசிகாமணி ஜீப்பில் பழத்தை முன் சீட்டில் வைத்து, நான் பின்னால் குந்திக்கொண்டு போனேன்.

மேடையில் மைக் பிடித்தவன் யார் என்கிறாய்? கூடப் பிறக்காத உன் தம்பி தேவசிகாமணியேதான். அவன் வாய் சும்மா இருக்குமா, வழக்கம்போல என்னை வாரிவிட்டான், ஜனம் சிரித்தது. கோப்பை கொடுத்தார்கள். பெரிய கோப்பை.

இன்னொன்று. டி.வி.க்காரர்கள் வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குக் காட்டுவார்களாம். குவார்ட்டர்ஸில் ஒருவர் விடாமல் கூப்பிட்டு வைத்துப் பார். உன் ஆள் டி.வி.யில் வருகிறான், சும்மாவா!

வைகாசி முடிவதற்குள் வருவதாகச் சொன்னாய். நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறேன்.

இப்படிக்கு உன்
அங்கப்பன்


மேட்டூர்
2.6.1989

அன்புள்ளவருக்கு,

பாவாயி எழுதுவது. அம்மா சுவரைப் பிடித்து நாலடி வைக்கிறாள். மற்றவர்கள் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

டி.வி. பார்த்தோம். நீங்கள் எழுதியபடியே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். லட்சுமி வீட்டுக் கூடம் போதாமல் வாசற்படியிலும் நின்று பார்த்தார்கள். பழம் நன்றாகத் தெரிந்தது. உங்கள் சட்டையில் மேல் பொத்தான் போடவில்லை.

வைகாசியில் வரத் தோதுப்படாது போலிருக்கிறது. அம்மாவுக்கு ஆள் வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

பாவாயி


கரடியூர்
12.6.1989

அன்புள்ள பாவாயிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நாலடி வைத்தது சந்தோசம். நாற்பதடி வைத்ததும் உன்னை விட்டுவிடச் சொல்.

பொத்தான் போடவில்லை என்று எழுதியிருந்தாய். அது அறுந்து ஒரு மாதமாகிறது. தைத்துக் கொடுக்கிறவள் மேட்டூரில் இருந்தால் பொத்தான் என்ன செய்யும்?

பழம் நன்றாகத் தெரிந்தது என்று எழுதினாயே, நான் எப்படித் தெரிந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லையே! இங்கே யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்து மழைக்காற்று அடித்து மலை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. என் முகத்தை நானே பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது.

காலையில் காப்பி போடும்போது இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிடுகிறேன். மூன்று மாதமாகியும் கை பழகவில்லை. ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதையும் நானே குடிக்கிறேன். காப்பி வீணாவதில்லை, ஆனால் எனக்குத்தான் நன்றாக இல்லை. சீக்கிரம் வா.

உன்
அங்கப்பன்


கரடியூர்
9.7.1989

பாவாயிக்கு,

நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கடிதம் போட்டு இருபத்தேழு நாள் ஆகிறது. போஸ்ட்மேன் பெருமாள் தூரத்தில் என்னைப் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டுகிறார். மனிதருக்கே என்மேல் பாவமாகிவிட்டது.

நேற்று தேவசிகாமணி வந்திருந்தான். சேலத்தில் இருக்கிற அவன் தங்கை சாந்தாமேரி டி.வி.யில் பார்த்தாளாம். அந்தத் தொட்டில் பேச்சை அப்படியே காட்டியிருக்கிறார்கள் என்றாளாம். இப்போதுதான் எனக்கு விளங்கியது. அது மேடைக்காகச் சொன்னது பாவாயி. மச்சினன் கேலி செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? மனதில் வைத்துக்கொள்ளாதே.

மிளகுக்கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. நீ நட்ட செம்பருத்தி பூத்திருக்கிறது. வந்து பார்.

அங்கப்பன்


ஏற்காடு
16.7.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி தேவசிகாமணி வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா செல்வமேரி தினமும் மாதாவிடம் வேண்டுகிறது. உங்கள் அம்மாவுக்கு என் விசாரிப்புகள்.

நீங்கள் என்மேல் கோபமாக இருப்பது தெரிகிறது. மாமா வாய் திறந்து சொல்லமாட்டார். ஆனால் ஒரு வாரமாக என் ஜீப்பில் ஏறுவதில்லை, ஏற்காட்டுக்கு நடந்தே போய் வருகிறார்.

உங்கள் கல்யாணத்துக்கு நான் மைக் செட் கட்ட வந்தவன். மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுக்கப் பெண்ணுக்குத் தம்பி இல்லை என்று எல்லோரும் முழித்தபோது, "ஏஞ் சாமி, நீ வந்து நில்லு கண்ணு" என்று உங்கள் அம்மாதான் என்னை இழுத்து நிறுத்தியது. வேதக்காரப் பையன் எப்படி நிற்பான் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நீங்கள்தான் "எந் தம்பிங்க" என்றீர்கள். அன்றைக்குக் கிடைத்த முறை அக்கா இது. மாமாவைக் கேலி பேசும் உரிமையும் அதோடு வந்ததுதான். மச்சினன் கேலிக்கு முகம் சுளித்தவன் அடுத்த விசேஷத்தில் ஊருக்கே வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஊரில்தானே வைத்திருக்கிறார்கள்?

மேடையில் நான் சொன்னது இதுதான். "முப்பத்தொரு கிலோங்க மாமா! ஒம்பது வருசமா ஊட்டுப் பரண்ல தொட்டில் சும்மாதானுங்களே கெடக்குது. இதையாச்சும் போட்டு ஆட்டுங்க. எங்கக்கா தாலாட்ட மறந்துறப் போவுது!" ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. டி.வி.க்காரர் கை கொடுத்து, நொம்ப நல்லா இருந்தது என்றார். வீட்டில் சொன்னால் சிரிக்கிற பேச்சு மேடையில் சொன்னால் எப்படித் தப்பாகும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டில் கேலி நான் கண்டுபிடித்தது இல்லை. ஆரம்பித்ததே மாமாதான். ஒன்பது வருசமாக நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் குறைவு. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மன்னித்துவிட்டு வந்துசேருங்கள்.

உங்கள் தம்பி
தேவசிகாமணி


மேட்டூர்
24.7.1989

தம்பி தேவசிகாமணிக்கு,

அக்கா எழுதுவது. செல்வமேரி அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மலைக்குளிரில் வெளியே விடாதே.

உன் கடிதம் படித்தேன். வீட்டுக்கும் மேடைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். நீ என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு எதையாவது சொன்னால் கையிலிருக்கும் கரண்டியால் ஒன்று போடுவேன். பிறகு உனக்கே சோறு போடுவேன். அத்தோடு தீர்ந்தது. டி.வி. பெட்டிக்குள் நின்று சொன்னால் உன்னை நான் என்ன செய்ய முடியும்? நான் அழைத்து வந்த பதினேழு பேரும் திரும்பி என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "தொட்டிலு வாங்கியா வெச்சிருக்கீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டம்மா ஈரோட்டில் நல்ல டாக்டர் இருப்பதாக விலாசம் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள். எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்று நினைத்துவிட்டாள். பிறந்து ஆறு நாள் இருந்தாள் என்று நான் சொல்லவில்லை.

நீ மாமாவைக் கேலி செய்யத்தான் உனக்கு முறை. தொட்டில் அவருடையது மட்டுமா? மச்சினனாக நின்று பேசினாய், தம்பியாக நின்றது உனக்கு மறந்துபோயிற்று.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். அந்தப் பலாமரம் நிற்பது பிள்ளையை மண்ணில் வைத்த இடத்தில். அவரே ஒரு நாள் கன்றைக் கொண்டுவந்து நட்டார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன் முதல் பழம் அது.

உன்மேல் எனக்கு இனிக் கோபம் இல்லை. நீ எழுதிய கடைசி விசயம்தான் மனதை அறுக்கிறது. அதை அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா
பாவாயி


மேட்டூர்
24.7.1989

கரடியூரில் இருப்பவருக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள்.

டி.வி.யில் நீங்கள் எப்படித் தெரிந்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். சிரித்துக்கொண்டு தெரிந்தீர்கள். தம்பி தொட்டில் என்றதும் உங்கள் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினார்கள். பல் எல்லாம் தெரிந்தது.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தக் கேலியை ஆரம்பித்ததே நீங்கள் என்று தம்பி எழுதியிருக்கிறான். ஒன்பது வருசத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை நீங்கள். பேசத் தெரியாத மனுசர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனிடம் பேசியிருக்கிறீர்கள். சொல்லிச் சிரித்தும் இருக்கிறீர்கள். என்னிடம் மட்டும் ஏன் இல்லை?

இதற்குப் பதில் எழுதுங்கள், வருகிறேன். இல்லாவிட்டால் அம்மாவுக்கு இங்கே ஆள் வேண்டியிருக்கிறது.

பாவாயி


கரடியூர்
13.8.1989

பாவாயிக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. அம்மா நடப்பது சந்தோசம். லட்சுமி வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. வெள்ளைத்தாள்தான் தீர்ந்தது. விடாமல் மழை. காப்பிச்செடியில் காய் பிடிப்பு பரவாயில்லை. செம்பருத்தி இப்போது பூப்பதில்லை.

அங்கப்பன்


ஏற்காடு
27.8.1989

அன்புள்ள அக்காவுக்கு,

தேவசிகாமணி கும்பிட்டு எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைவு. நீங்கள் லட்சுமி அக்கா மூலம் அனுப்பிய தைலம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு எங்கள் வீட்டுக்குத் தைலம் அனுப்புகிறீர்களே, அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த மரத்தைப் பற்றிச் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன். நீங்கள் எழுதிய பிறகு அன்றைக்கு நடந்ததையெல்லாம் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்க்கிறேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேடையை விட்டு இறங்கியதும் மாமாவை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். பரிசு வாங்கிய மனிதர், வழியெல்லாம் அமர்க்களம் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். கரடியூர் வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. வெயிலில் நின்ற களைப்பு என்று நானாக எண்ணிக்கொண்டேன். உங்கள் வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் இறங்கி, பின்னால் பார்க்காமல் போய்விட்டார். கோப்பை சீட்டிலேயே கிடந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உன்ற வண்டியிலயே கெடக்கட்டும் மாப்ள" என்றார். இன்றைக்கு வரைக்கும் கோணிக்குக் கீழே அங்கேதான் கிடக்கிறது. உங்களுக்கு எழுதியபோது கோப்பை வீட்டில் இருப்பதாகவா எழுதினார்?

அவர் சிரித்ததைக் காட்டியவர்கள் இறங்கி வந்ததைக் காட்டவில்லை அக்கா. கூட இருந்த நானே பார்க்காமல் விட்டுவிட்டேன், அவர்களைச் சொல்லி என்ன?

அடுத்த கோடை விழாவுக்கும் நீதான் மைக் பிடிக்க வேண்டும், டி.வி. மறுபடி வருகிறது என்று இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் இந்த ஜென்மத்துக்கு மைக்கைத் தொடமாட்டேன்.

உங்கள் தம்பி
தேவசிகாமணி


மேட்டூர்
17.9.1989

தம்பி தேவசிகாமணிக்கு,

எல்லோரும் சுகம். அம்மா தானே எழுந்து குளிக்கப் போகிறாள். இனி என் தயவு அவளுக்கு வேண்டாம்.

கோப்பையைப் பற்றி அவர் எனக்கு எழுதியது "பெரிய கோப்பை" என்று மட்டும்தான். எங்கே வைத்தேன் என்று எழுதவில்லை. நான் கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. நீ எழுதிய கோப்பை பாதிப் பதில். மீதியை நேரில் கேட்டுக்கொள்கிறேன். இதற்காக நான் இங்கேயே உட்கார்ந்திருந்தால் அவர் இன்னும் ஒன்பது வருசம் எடுத்துக்கொள்வார்.

நீ மைக்கைப் பிடி. உன் பிழைப்பில் நான் மண் போடமாட்டேன். ஊரைச் சிரிக்கவை, டி.வி.யையும் சிரிக்கவை. மாமாவைப் பற்றி ஏதாவது நாக்கில் அரித்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொல். நானும் அங்கே இருக்க வேண்டும், கையில் கரண்டியும் இருக்க வேண்டும்.

வருகிற 27ஆம் தேதி புதன்கிழமை காலை பஸ்ஸில் புறப்படுகிறேன். சேலத்தில் மாறி மத்தியானம் ஏற்காட்டில் இறங்குவேன். ஜீப்பைக் கொண்டுவா. அவரிடமும் சொல்லிவிடு. நான் எழுதினால் அதற்கும் நாலு தாள் கிழிப்பார்.

அக்கா
பாவாயி


கரடியூர்
24.9.1989

என் பாவாயிக்கு,

நீ புதன்கிழமை வருகிறாய் என்று தேவசிகாமணி வந்து சொன்னான். இந்தக் கடிதம் திங்கள் தபாலில் போனால் புதன் சாயங்காலம்தான் மேட்டூர் சேரும் என்று பெருமாள் சொல்கிறார். அதற்குள் நீ இங்கே வந்திருப்பாய். தெரிந்தேதான் எழுதுகிறேன். பிரிக்காமல் கரடியூர் விலாசம் எழுதித் திருப்பி அனுப்பு தாயே என்று உறையின் மேலேயே லட்சுமிக்கு எழுதிவிடுகிறேன்.

நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது பாவாயி. உனக்கே தெரியும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

அவள் போன மறுநாள், நீ ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அந்தத் தொட்டிலை உன் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஆளால் பரணில் ஏற்ற முடியாது. தேவசிகாமணியைக் கூப்பிட்டேன். அவன் கீழேயிருந்து தூக்கினான், நான் மேலே நின்று இழுத்தேன். பாதியில் இழுப்பதை நிறுத்திவிட்டேன். அவன் முன்னால் அழ வெட்கமாக இருந்தது. "பூனை குட்டி போட்டா ஆவும் மாப்ள" என்றேன். அவன் என்ன செய்வான், சிரித்தான். நானும் சிரித்தேன். தொட்டில் மேலே ஏறியது.

அதற்கப்புறம் அவள் நினைப்பு வரும்போதெல்லாம் அவனிடம் அந்தத் தொட்டிலை இழுப்பேன். அவன் கேலி என்று நினைத்தான். எனக்கு அது அவளைப் பற்றிப் பேசுவது. வேறு விதமாகப் பேசத் தெரியவில்லை. உன்னிடம் அப்படிச் சிரிக்க முடியாது. உன்னிடம் பேசினால் அழ வேண்டும். ஆரம்பித்தால் நிற்காது என்று பயந்துகொண்டே ஒன்பது வருசம் ஓட்டிவிட்டேன். உனக்கும் யாரிடமாவது பேச வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அது பெரிய தப்பு.

அன்றைக்கு மேடையில் அவன் வாயைத் திறந்ததுமே பழக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அவன் சொன்னது காதில் விழுந்தது. எதிரே அவ்வளவு ஜனம். பக்கத்து மேசையில் அவளுடைய பழம். என் முகம் மாறியது எனக்கே தெரிந்தது. அதற்குள் கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டது.

நாலு பேர் அவளைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தப் பழத்தைக் கொண்டுபோனேன். ஆறு நாளில் அவளை யார் பார்த்தார்கள்? நீ, நான், நர்ஸ் அம்மா. நான் நன்றாகப் பார்த்தேன் பாவாயி. இடது காது மேலே கொஞ்சம் மடங்கியிருக்கும், உனக்கு இருப்பது போலவே. உன் அம்மா பெயரைத்தான் வைப்பதாக இருந்தேன். பழனியம்மாள். நீ தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தேன்.

தொட்டிலை இன்று காலை இறக்கிவிட்டேன். தனியாகத்தான். துடைத்து முன் அறையில் வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் என்று நீ சொல். சட்டைப் பொத்தானை நானே தைத்துக்கொண்டேன். கோணலாக இருக்கும், பார்த்துவிட்டு நீ திட்டு.

வெள்ளியோ சனியோ பெருமாள் இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். எங்கேயும் போகாமல் என் எதிரிலேயே உட்கார்ந்து படி. நான் சிரிக்கமாட்டேன்.

உன்
அங்கப்பன்